பழைய லேப்டாப்புக்கு இன்னொரு ஆட்டம்

2025 அக்டோபரில் கணினி உலகிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதே மாதத்துக்கான ஸ்டீம் கணக்கெடுப்பில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில் கேம் ஆடுபவர்களின் பங்கு முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. ஸ்டீம் என்பது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் இணையக் கடை. உலகெங்கும் கணினியில் கேம் ஆடுபவர்களில் மிகப் பலர் அங்கேதான் வாங்குகிறார்கள். 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் அதில் நுழைந்திருந்தவர்களின் எண்ணிக்கை 4 கோடியைக் கடந்தது. விண்டோஸின் பங்கு அப்போதும் 95 சதவீதத்தை ஒட்டியே இருந்ததால் 3 சதவீதம் கண்ணில் படாத அளவுதான். ஆனாலும், மாதத்துக்கு 13 கோடிப் பேர் ஸ்டீமைப் பயன்படுத்துவதாக வால்வ் 2021இல் சொன்ன பழைய கணக்கை வைத்துப் பார்த்தாலே, 3 சதவீதம் என்பது ஏறத்தாழ 40 லட்சம் பேர். பத்தாண்டுகளுக்கு முன்பு இந்தப் பங்கு ஒரு சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. இந்த வளர்ச்சிக்குக் காரணம் சொல்கிறவர்கள் எல்லோரும் வால்வ் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியைத்தான் காட்டுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கருவியை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்பனைக்கே கொண்டுவரவில்லை. அப்படியிருக்க, சௌராஷ்டிர நெசவுக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் திண்டுக்கல் நாகல் நகருக்கு இந்த 3 சதவீதத்தால் என்ன வந்துவிடப் போகிறது?

நிறையவே வரக்கூடும் என்பதுதான் என் வாதம். மேலைநாட்டில் லினக்ஸ் கேமிங் என்றால் புதுக் கருவி வாங்குவது. நம் ஊரில் அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற, அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, விண்டோஸ் கைவிட்ட லேப்டாப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் தருவதில் இருக்கிறது. வால்வ் தன் கைக்கருவிக்காகச் செலவழித்த பணத்தின் பலன், அந்தக் கருவியை ஒருபோதும் வாங்கப்போகாத பிள்ளைகளின் பழைய கணினிக்கும் வந்து சேர்கிறது. ஆனால் எந்தப் பழைய கணினிக்கு வந்து சேர்கிறது, எதற்குச் சேராது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் ‘லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது ஏமாற்று. அதனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லினக்ஸில் கேம் இல்லை என்ற பேச்சு நெடுங்காலம் உண்மையாகவே இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு கடையோடு வந்தபோது, தன் வியாபாரம் முழுக்க இன்னொரு நிறுவனத்தின் தயவில் நிற்பதை வால்வ் உணர்ந்தது. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் ஏலியன்வேர் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து ‘ஸ்டீம் மெஷின்’ என்ற பெட்டிகளை வால்வ் இறக்கியது. அவை போணியாகவில்லை. காரணம் எளிது: கேம் தயாரித்த ஒவ்வொரு நிறுவனமும் தன் கேமை லினக்ஸுக்காகத் தனியாக எழுதித் தர வேண்டும். நூற்றில் ஒருவர் பயன்படுத்தும் கணினிக்காக யார் அந்த வேலையைச் செய்வார்கள்? ஆள் இல்லாததால் கேம் இல்லை, கேம் இல்லாததால் ஆள் இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்தது 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான். அது கேம் தயாரிப்பாளரிடம் எதையும் கேட்பதில்லை. விண்டோஸுக்காக எழுதிய கேமை அப்படியே எடுத்துக்கொண்டு, அது விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் மாற்றித் தருகிறது. வீட்டில் சௌராஷ்டிரமும் கடைத்தெருவில் தமிழும் பேசும் நாகல் நகர்க்காரர் ஒருவர், நடுவில் நின்று இரு தரப்புக்கும் தடங்கல் இல்லாமல் பேச்சை நடத்திவைப்பது போன்ற வேலை அது. இதை வால்வ் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கவில்லை. 1993இல் தன்னார்வலர்கள் தொடங்கிய வைன் என்ற திட்டத்தின் மேல் கட்டியது. அந்தக் கால் நூற்றாண்டு உழைப்போடு, படம் வரையும் கட்டளைகளை மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே என்ற நிரலும் சேர்ந்தபோதுதான் கேம்கள் ஆடத்தக்க வேகத்தில் ஓடின.

ஒரு கேமைத் திறக்கும்போது நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும். விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் டைரக்ட்3டி என்ற கட்டளை முறையில் எழுதப்படுகின்றன. இந்தச் சுவரை இங்கே வரை, இந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழட்டும், இந்தக் காரின் மேல் இந்த நிறத்தைப் போர்த்து என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான கட்டளைகளைக் கேம் அனுப்பிக்கொண்டே இருக்கும். டிஎக்ஸ்விகே அவற்றை வல்கன் என்ற இன்னொரு முறைக்கு மாற்றும். வல்கனில் வந்ததை வாங்கி, கிராபிக்ஸ் சிப்புக்கே உரிய குறியீடாக மாற்றுவது டிரைவரின் வேலை. லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கான இந்த டிரைவர்கள் மெசா என்ற திறந்த மூலத் திட்டத்தில் இருக்கின்றன. ஒரு கேமை முதன்முறை திறக்கும்போது ஸ்டீம் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, வல்கன் ஷேடர்கள் (படம் வரையும் சிறு நிரல்கள்) தயாராகின்றன என்று ஒரு பட்டையை ஓடவிடும். பழைய இரண்டு கோர் லேப்டாப்பில் அந்தப் பட்டை நகர்வதற்குள் விசிறி இரைய ஆரம்பித்துவிடும். சூடு ஏறும். சில நிமிடங்கள் பொறுத்தால், அடுத்த முறை அந்தக் காத்திருப்பு அவ்வளவாக இருக்காது. பலர் இந்த இடத்தில்தான் ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று நினைத்து மூடிவிடுகிறார்கள்.

ஆக, ஒரு பழைய கணினியில் இந்த வழி திறக்குமா மூடுமா என்பதை முதலில் தீர்மானிப்பது ரேம் அல்ல, பிராசஸரின் வேகம்கூட அல்ல. கிராபிக்ஸ் சிப் வல்கனைப் பேசுமா என்ற ஒரே கேள்விதான். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். இன்டெல் சிப்புகளில் 2015இல் வந்த ஆறாம் தலைமுறை முதல் இது ஒழுங்காகக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய சில தலைமுறைகளில் வல்கன் அரைகுறையாக இருக்கிறது. 2011இன் இரண்டாம் தலைமுறையில் சுத்தமாக இல்லை. இப்போது இதை விண்டோஸ் 11இன் நிபந்தனையோடு சேர்த்து வையுங்கள். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, அது ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். அப்படியானால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் விண்டோஸ் 11க்கு ஆகாதவை, லினக்ஸ் கேமிங்குக்கு முழுத் தகுதி உள்ளவை. நம் ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் புழங்குவதே பெரும்பாலும் இந்த வகைதான். பெங்களூரு, சென்னை ஐடி நிறுவனங்கள் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் லேப்டாப்கள் மொத்தமாகக் கைமாறி, சில்லறைக் கடைகள் வழியாகத் திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. ‘சிக்ஸ்த் ஜென், ஐ5, எட்டு ஜிபி’ என்று கடைக்காரர் சொல்லும்போது, அதன் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கு வல்கன் 1.3 வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

இதே கணக்கை அரசு லேப்டாப்புக்கும் போட்டுப் பார்க்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் போயின. உலகில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத அளவு அது. பத்தாண்டு கடந்த பின் அவற்றில் பல பரணிலோ பீரோ மேலோ கிடக்கின்றன. முதல் ஆண்டுகளில் வந்தவை இன்டெல்லின் பழைய பென்டியம் வகை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இவற்றில் புரோட்டான் வழி கிட்டத்தட்ட மூடிய வழிதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வல்கன் இல்லாவிட்டாலும் வைனுக்கு ஓப்பன்ஜிஎல் என்ற பழைய பாதை உண்டு. 2003இல் கணினிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி, 2005இன் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட், ஐஜிஐ போன்ற, ஒரு காலத்தில் பிரௌசிங் சென்டர்களை நிரப்பிய கேம்கள் அந்தப் பாதையில் ஓடக்கூடியவை. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6க்கு வால்வே லினக்ஸ் பதிப்பைத் தந்திருக்கிறது. சூப்பர்டக்ஸ்கார்ட், வெஸ்நாத் போன்ற இலவசத் திறந்த மூல கேம்களும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டினால் இவற்றுக்கு அந்தப் பழைய பென்டியம் போதும்.

திட்டத்தின் பிற்பகுதியில் வந்த லேப்டாப்களின் கதை வேறு, இன்னும் சுவையானது. அவற்றில் லெனோவாவின் இ41 வரிசை பலருக்கும் நினைவிருக்கும். உள்ளே ஏஎம்டியின் ஏ வரிசைச் சிப்பும், அதோடு ஒட்டிய ரேடியான் கிராபிக்ஸும் இருந்தன. 2021 ஜூனில் ஏஎம்டி ஒரு பட்டியல் வெளியிட்டது. இனி இந்தப் பழைய ரேடியான்களுக்கு விண்டோஸ் டிரைவர் புதுப்பிப்பு வழக்கம்போல் வராது என்ற அறிவிப்பு. ரேடியான் ஆர்4, ஆர்5 கொண்ட ஏ வரிசைச் சிப்புகளும் அதில் இருந்தன. அதாவது, ஒரு மாணவர் பள்ளியில் வாங்கிய லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பை, அவர் கல்லூரி முடிப்பதற்குள் அதைச் செய்த நிறுவனமே விண்டோஸில் கைவிட்டுவிட்டது. லினக்ஸில் நடந்தது நேர்மாறானது. ஏஎம்டி சிப்புகளுக்கான ஆர்ஏடிவி என்ற வல்கன் டிரைவரை 2016இல் எழுதத் தொடங்கியவர்கள் ஏஎம்டியின் ஊழியர்கள் அல்ல, வெளியே இருந்த டேவ் ஏர்லியும் பாஸ் நியூவன்ஹாய்சனும். பிறகு வால்வ் சம்பளம் கொடுத்து அதில் ஆட்களை அமர்த்தியது, ஏனென்றால் ஸ்டீம் டெக்கின் உள்ளே இருப்பதும் ஏஎம்டி சிப்தான். டெக்குக்காகச் செய்த திருத்தங்கள் அதே டிரைவரைப் பகிர்ந்துகொள்ளும் பழைய சிப்புகளுக்கும் சேர்ந்தே போயின. 2012ஐ ஒட்டி வந்த, ஜிசிஎன் என்ற வடிவமைப்பின் முதல் தலைமுறை ரேடியான் கார்டுகளைக்கூட லினக்ஸின் மையமான கெர்னலின் புதிய டிரைவருக்கு மாற்றும் வேலை 2025இல் நடந்துகொண்டிருந்தது. செய்தவர் வால்வுக்காக வேலை செய்யும் ஒருவர். விண்டோஸில் செத்துப்போன கார்டுக்கு, பதின்மூன்று ஆண்டு கழித்தும் ஒருவர் உட்கார்ந்து குறை தீர்க்கிறார். டிரைவரின் மூலநிரல் திறந்து கிடப்பதால் மட்டுமே இது முடிகிறது. பூட்டிவைத்த நிரல் என்றால், செய்த நிறுவனம் வேண்டாம் என்றதும் அத்தோடு முடிந்தது.

இதன் மறுபக்கத்துக்கு என்விடியா சாட்சி. இந்தியாவில் மிகப் பிரபலமான ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 580 என்ற டிரைவர் வரிசையோடு முழு டிரைவர் ஆதரவை முடித்துக்கொள்வதாக என்விடியா அறிவித்தது. அதன் டிரைவர் நெடுங்காலம் மூடியே இருந்ததால், லினக்ஸிலும் அந்தக் கார்டுகளுக்கு அதே விதிதான். தன்னார்வலர்கள் எழுதும் என்விகே என்ற திறந்த டிரைவர் அந்தக் கார்டுகளில் ஓடும், ஆனால் வேகத்தைக் கூட்டும் சாவி என்விடியாவின் கையில் இருப்பதால் ஆமை நடைதான். ஸ்டீம் கணக்கெடுப்பில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கிராபிக்ஸில் என்விடியாதான் மன்னன். லினக்ஸ் ஆட்டக்காரர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஏஎம்டி முந்துகிறது, பிராசஸரிலும் மூன்றில் இரண்டு பங்கு ஏஎம்டிதான். பாதிக் காரணம் ஸ்டீம் டெக், மறுபாதிக் காரணம் இந்தத் திறந்த டிரைவர். செகண்ட் ஹேண்டில் கிராபிக்ஸ் கார்டு தேடும் ஒருவர், லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால், ஜிடிஎக்ஸைவிடப் பழைய ரேடியான் ஆர்எக்ஸ் 570, 580 வாங்குவது புத்திசாலித்தனம்.

‘விண்டோஸ் 10 இன்னும் ஓடத்தானே செய்கிறது?’ என்று கேட்கலாம். ஓடுகிறது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் வரை தருவதாகவும் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு விண்டோஸ் 7இன் கதை இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கேம் கணக்கில் இருக்கிறது, ஆடத்தான் வழியில்லை. அதே லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டால் இன்றைய ஸ்டீம் நிறுவலாகும். ஒரே இரும்பு, ஒரே சிப், ஒன்றில் கதவு மூடுகிறது, இன்னொன்றில் திறந்திருக்கிறது. இதற்கு மேல் புது லேப்டாப்பின் விலையும் ஏறுமுகமாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தத் தொழிலையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. புதுசு வாங்குவது கடினமாகும் காலத்தில் பழசின் ஆயுள் பொருளாதாரக் கேள்வியாகிவிடுகிறது. தறி வருமானத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேம்கள். வேலரன்ட், ஃபோர்ட்நைட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆகியவை லினக்ஸில் ஓடாது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 கடைசியில் கதவைச் சாத்தியது. ஜிடிஏ ஆன்லைனும் அதே ஆண்டு செப்டம்பரில் சாத்தியது. ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க, விண்டோஸின் ஆழத்தில் உட்கார்ந்து கணினி முழுவதையும் கண்காணிக்கும் மென்பொருளை இந்த நிறுவனங்கள் நம்பியிருக்கின்றன. லினக்ஸில் அப்படி உட்கார இடம் கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்பதும் என் கருத்து. ஆனால் கருத்து கேமை ஓட்டாது. வேலரன்ட்டுக்காகவே கணினி வைத்திருக்கும் பையனிடம் லினக்ஸ் போடச் சொல்வது தவறான யோசனை. அதே சமயம் இந்த இழப்பின் அளவையும் சரியாகப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0 வேண்டும். எனவே டிபிஎம் 2.0 இல்லாமல் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிய பழைய லேப்டாப்பிலும் அது ஓடாது. விண்டோஸ் 10 ஓயும்போது, நாம் பேசும் லேப்டாப்களில் பலவற்றுக்கு இது போன்ற கேம்கள் எப்படியும் கைநழுவக்கூடும். ஓடுவதோ ஏராளம். டோட்டா 2, டெராரியா, ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் சமையலறையை, சிதைந்த குறிப்பேட்டிலிருந்து இட்லியும் புட்டும் மீட்டெடுக்கும் கதையாக்கிய ‘வெண்பா’ 2023இல் வந்து, அடுத்த ஆண்டு பாஃப்டா விருதும் வாங்கியது. அதற்கு விலை உயர்ந்த கார்டு எதுவும் வேண்டாம்.

‘இங்கே யார் கணினியில் ஆடுகிறார்கள், எல்லாம் போன்தானே’ என்ற பேச்சிலும் உண்மை உண்டு. போன் கேமான பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் தடைபட்டு 2023 மேயில் திரும்பி வந்தபோது எழுந்த ஆரவாரமே அதற்குச் சான்று. ஆனால் போனில் ஆடுவது, ஆடுவதோடு நின்றுவிடுகிறது. அதைத் திறந்து பார்க்கவோ மாற்றவோ முடியாது. பேட்டரி வீங்கினால் அல்லது ஆண்ட்ராய்டு பழசானால் குப்பைதான். பழைய லேப்டாப்பில் ஒரு கேமை ஓடவைக்க முயலும் மாணவி, பின்மூடியின் திருகுகளைக் கழற்றி ரேம் மாற்றுகிறாள், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவுகிறாள், டிரைவர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்கிறாள். அதே கணினியில் கோடோ என்ற இலவச எஞ்சினை நிறுவிச் சொந்தமாக ஒரு சின்ன கேம் செய்யவும் முடியும். கேம் என்றாலே காசு வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டம் என்று பெற்றோர் அஞ்சும் காலம் இது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. தமிழ்நாடு 2022இலும் மத்திய அரசு 2025இலும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே பேசுவது அதுவல்ல என்பதைப் பெற்றோருக்குப் புரியவைக்கும் பொறுப்பு எங்களைப் போல் எழுதுபவர்களுக்கும் இருக்கிறது.

கடைசி மறுப்பு நம் மாநிலத்தின் சொந்த அனுபவத்திலிருந்து வருகிறது. தமிழ்நாடு லினக்ஸைப் பார்க்காத மாநிலம் அல்ல. உமாசங்கர் ஐஏஎஸ் பொறுப்பில் இருந்தபோது மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அரசுத் துறைகளில் நிறுவச் சொல்லி 2013இல் சுற்றறிக்கை போனது. அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. அப்படியும் மாணவர்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது மட்டும் என்ன மாறிவிடும்? இதற்குப் பதில், அந்தத் தோல்வியின் காரணத்திலேயே இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு லேப்டாப் கொடுத்தால் அது முதலில் தேடுவது படமும் பாட்டும் கேமும்தான். அன்றைய பாஸில் கேம் போடச் சொன்னால் ஆகாது. பக்கத்திலேயே விண்டோஸ் இருந்தது, அதில் நண்பனின் பென்டிரைவிலிருந்து வைஸ் சிட்டி நிமிடத்தில் ஏறியது. லினக்ஸ் ‘படிக்கிற’ மென்பொருளாகவே அறிமுகமானது, ‘விளையாடுகிற’ மென்பொருளாக ஒரு நாளும் அறிமுகமாகவில்லை. 2012 ஜனவரி முதல் லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இதழும், சென்னையின் பழைய லினக்ஸ் பயனர் குழுவும், கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுத்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் செய்தவை மதிப்புள்ள பணிகள். ஆனால் அவையெல்லாம் ஆர்வத்தோடு தேடி வந்தவர்களுக்கானவை. தேடி வராத பிள்ளையைக் கூட்டிவர கேமைவிட நல்ல வழி இதுவரை யாரிடமும் இல்லை. அந்த வழி 2018க்கு முன் இருக்கவில்லை, இன்று இருக்கிறது. மாறியது அதுதான்.

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கான புதிய லேப்டாப் திட்டம் தொடங்கியிருக்கிறது. 20 லட்சம் பேருக்கு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு, இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 சிப் கொண்ட லேப்டாப்கள். விண்டோஸ் 11உம் பாஸ் லினக்ஸும் இரண்டும் உள்ளே இருக்கின்றன. இந்தச் சிப்புகள் எல்லாமே வல்கன் பேசுபவை. பாஸ் என்பது டெபியன் என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, எனவே ஸ்டீமும் புரோட்டானும் அதில் நிறுவலாகும். ஒரு குறை உண்டு. டெபியன் நிதானத்தை விரும்புவது, அதன் மெசா டிரைவர் பெரும்பாலும் பின்தங்கியே இருக்கும். கேமுக்கு டிரைவர் புதிதாக இருப்பது முக்கியம். புதிய மெசாவையும் கெர்னலையும் ஒரே சொடுக்கில் ஏற்றும் வசதியை சி-டாக் பாஸில் சேர்த்துத் தந்தால், ஸ்டீமை அதன் மென்பொருள் பட்டியலில் கண்ணில் படும்படி வைத்தால், இந்த 20 லட்சம் பேரில் ஒரு பகுதியினராவது அந்த இரண்டாவது ஓஎஸ்ஸைத் திறந்து பார்ப்பார்கள். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, டெபியனிலேயே பேக்போர்ட்ஸ் என்ற பெயரில் புதிய பதிப்புகளைத் தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் 256 ஜிபியில் இரண்டு ஓஎஸ்ஸுக்கும் இடம் பிரிக்கும்போது பாஸுக்கு வெறும் 30, 40 ஜிபி ஒதுக்கினால் இரண்டு பெரிய கேம்கூட ஏறாது. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.